ஏழு ஹெல்மெட்டுக்கு ஒரு படையல்

1

போன சனிக்கிழமை அமாவாசை. நியூசிலாந்தின் தென்கோடியில் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் அதை யாரும் கவனிப்பதில்லை. எனக்கே காலண்டரைப் பார்த்தால்தான் தெரியும். மாலை ஐந்து மணிக்கு எங்கள் கார் கிளப்பின் தகரக் கொட்டகையில், மறுநாள் ஓடப்போகும் ஒரு காரின் அடியில் படுத்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. திருவண்ணாமலையிலிருந்து தம்பி குமரேசன் ஒரு படம் அனுப்பியிருந்தான். அங்கே அப்போது காலை பத்தரை.

தலைவாழை இலை. இலைக்குப் பின்னால் ஒரு பெஞ்சு. பெஞ்சின்மேல் ஏழு ஹெல்மெட்டுகள், வரிசையாக, என்னைப் பார்த்தபடி. நெற்றி இருக்கவேண்டிய இடத்தில் ஒவ்வொன்றுக்கும் சந்தனம், நடுவில் குங்குமம். ஒவ்வொன்றுக்கும் சாமந்தி மாலை. இலையில் சோறு, வடை, பாயசம். பக்கத்தில் பேக்கரி முட்டை பப்ஸ் ஏழு, பீர் பாட்டில் ஒன்று. ஊதுவத்திப் புகை ஹெல்மெட்டுகளின் கண் திறப்புக்குள் நுழைந்து போய்க்கொண்டிருந்தது. படத்துக்குக் கீழே எழுதியிருந்தான்:

"பெரியவங்களுக்குப் படையல் போட்டாச்சுண்ணா. நாளைக்கு ரேஸ். நல்லபடியா நடக்கணும்."

ஏழும் நான் அனுப்பியவை. இடது ஓரத்தில் இருந்தது, நீலத்தில் மஞ்சள் பட்டை போட்டது, காலினுடைய ஹெல்மெட். காலின் எங்கள் கிளப்பின் மூத்த ஓட்டுநர், எழுபது வயது. படத்தில் மாலையோடு இருந்த அதே காலின், அந்த நிமிஷம் என் மேஜையில் சாய்ந்து நின்று, பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டு, ஹெல்மெட் விதிகளை மாற்றியவர்களைப் பரம்பரையோடு திட்டிக்கொண்டிருந்தார்.

படத்தை விரலால் பெரிதாக்கினேன். காலினின் ஹெல்மெட்டில் சந்தனம் காயாமல், ஒரு கோடாகக் கீழே வழிந்திருந்தது.

"கூரை ஒழுகுகிறதா என்ன?" என்றார் காலின். புறங்கையால் நெற்றியைத் துடைத்து, கையைப் பார்த்தார். "ஏதோ ஈரமாகப் பட்டது."

நானும் அண்ணாந்து பார்த்தேன். இங்கே மழை பெய்து இரண்டு வாரமாகிறது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனேன்.

2

நான் ஊரைவிட்டு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வயிற்றுப்பாட்டுக்குப் பால் பவுடர் தொழிற்சாலை ஒன்றில் மெஷின் பராமரிப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த கிளப். பெரிய பந்தயக்காரர்கள் யாரும் இல்லை. எலக்ட்ரீஷியன், ஆடு வளர்க்கிறவர், பல் டாக்டர் அம்மாள் ஒருத்தர், இப்படிப்பட்டவர்கள். பழைய காரை வாங்கிச் சொந்தக் கையால் முடுக்கி, போக்குவரத்துக்கு மூடிய மலைச்சாலையில் ஒவ்வொருவராக ஓட்டி நேரம் பார்ப்பார்கள். பரிசு என்று பார்த்தால் ஒரு கப், அதையும் அடுத்த வருஷம் திருப்பித் தந்துவிட வேண்டும்.

என் வேலை, ஓடுவதற்கு முன்னால் வண்டியையும் ஆளின் பாதுகாப்புச் சாமான்களையும் சோதித்து முத்திரை குத்துவது. இதற்கு இங்கே ஒரு நீளமான ஆங்கிலப் பெயர் உண்டு, ஊரில் யாருக்கும் வாயில் நுழையவில்லை. "எங்கண்ணன் அங்க பிரேக் இன்ஸ்பெக்டரு" என்று குமரேசன் சொல்லிவைத்துவிட்டான். ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் நின்று பழகிய ஜனங்களுக்கு அதிலிருந்தே எல்லாம் புரிந்துவிட்டது. ஊருக்குப் போனால் லைசென்ஸ் எடுத்துத் தரச் சொல்லி இரண்டு பேராவது வருகிறார்கள்.

வந்த புதிதில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்த செய்தி வந்ததும் லீவு கேட்க மேலாளரிடம் ஓடினேன். அழுகையை அடக்கிக்கொண்டு, என் அப்பா எக்ஸ்பயர் ஆகிவிட்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அம்மாள் குழம்பிப் போய், "அப்பாவின் விசாவா?" என்று கேட்டாள். தபாலிலேயே புதுப்பித்துக்கொள்ளலாம், கவலைப்படாதே என்று தோளைத் தட்டினாள். நம் ஊரில் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கிறவர் வரைக்கும் ஆளுக்கு எக்ஸ்பயர் என்றால் ஒரே அர்த்தம்தான். இங்கே பாலும் மாத்திரையும் பாஸ்போர்ட்டும்தான் எக்ஸ்பயர் ஆகும், மனிதர்கள் ஆக மாட்டார்கள். அன்றைக்கே அந்தச் சொல்லை நாக்கிலிருந்து வழித்துப் போட்டிருக்க வேண்டும். செய்யவில்லை.

3

சண்டை ஆரம்பித்தது ஒரு கடிதத்தில். தலைமை அமைப்பிலிருந்து எல்லா கிளப்புகளுக்கும் வந்தது. ஹெல்மெட் செய்து பத்து வருஷம் ஆகிவிட்டால் இனி செல்லாது. சீட் பெல்ட்டுக்கு ஐந்து வருஷம். மோதினால் கழுத்து முறியாமல் பிடித்துக்கொள்ளும் தோள்பட்டைச் சாதனம் ஒன்று, அதுவும் கட்டாயம். மூன்றையும் புதிதாக வாங்கினால், எங்களில் பாதிப் பேர் ஓட்டும் காரின் விலையைவிட ஜாஸ்தி.

கூட்டம் போட்டார்கள். அப்படி ஒரு கூட்டத்தை நான் இங்கே பார்த்ததில்லை. வெள்ளைக்காரர்கள் கத்தமாட்டார்கள் என்று ஊரில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காலின் மேஜையைக் குத்தி, நாற்பது வருஷமாக ஓட்டுகிறேன், என் தலை இன்னும் என் கழுத்தில்தான் இருக்கிறது என்றார். பல் டாக்டர் அம்மாள் எழுந்து, "தலைக்கு விலை பேசவா இங்கே உட்கார்ந்திருக்கிறோம்?" என்று கேட்டார்.

அப்போது எழுந்து பேசியது நான்தான். சோதிக்கிறவன் நான், என் பேச்சுக்கு மதிப்பு உண்டு. எனக்கும் சும்மா இருந்தால் நாக்கு அரிக்கும். எங்கள் ஊரில் ஒரே ஹெல்மெட்டை அண்ணன் போட்டு, தம்பி போட்டு, கடைசியில் அதில் காய்கறி வாங்கி வருவோம், எங்களுக்கெல்லாம் தலை இல்லையா என்றேன். சிரித்தார்கள். இது நாலு கம்பெனி பிழைக்கச் செய்த ஏற்பாடு என்றேன். "பிளாஸ்டிக்குக்கு ஏது சாவு?" என்று முடித்தேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அந்தப் பேச்சைத் தமிழில் ஒரு தடவை பேசி, குமரேசனுக்கு வாய்ஸ் நோட்டாகவே அனுப்பினேன். அவ்வளவு பெருமை எனக்கு.

கெஞ்சி எழுதியதில் பெல்ட்டுக்கும் கழுத்துச் சாதனத்துக்கும் ஒரு சீசன் தவணை கிடைத்தது. ஹெல்மெட்டுக்கு மட்டும் மாட்டேன் என்றுவிட்டார்கள். பழையதை கிளப்பில் ஒப்படைக்க வேண்டும். யாரும் மறுபடி போட்டுவிடாதபடி அதன் தாடை வாரை நான் வெட்டிவிட வேண்டும். ரிஜிஸ்டரில் சொந்தக்காரர் பெயருக்கு நேரே 'அழிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆறு பேர் ஒப்படைத்தார்கள். ஒவ்வொன்றின் வாரிலும் ஒரு சிவப்புச் சீட்டு கட்டி, பெரிய எழுத்தில் பெயரும் அதற்குக் கீழே EXPIRED என்றும் எழுதினேன். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தேன். மனசு வரவில்லை. அத்தனையும் உசத்தியான சரக்கு. ஊரில் தம்பி ரேஸ் நடத்துகிறான், அவன் ஆட்கள் தலையில் கிடப்பது சந்தைக் கடைச் சாமான். ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையே என்று, ரிஜிஸ்டரில் 'அழிக்கப்பட்டது' என்று ஆறு தடவை எழுதினேன். வேலூருக்கே திரும்பிப் போன ஒரு குடும்பத்தின் கப்பல் பெட்டியில் ஹெல்மெட்டுகளை ஏற்றிவிட்டேன். சீட்டுகளை அவிழ்க்க மறந்தேன்.

4

ஏழாவது என் மகன் கவினுடையது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதாமல் முடியாது.

கவினுக்கு இருபத்தோரு வயது. இங்கேயே பிறந்தவன். ஆறு வயது வரை அப்பா என்றான், பிறகு பள்ளிக்கூடம் அவனை டாட் என்று சொல்ல வைத்தது. நான் தமிழில் கேட்பேன், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். அதுவும் குறைந்து, இப்போது நான் ஆங்கிலத்தில் கேட்கிறேன், அவன் தோளைக் குலுக்குகிறான். எங்களுக்குள் மிச்சம் இருந்தது இந்தக் கார்ப் பைத்தியம் ஒன்றுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மலைச்சாலையின் மூன்றாவது திருப்பத்தில் அவன் கார் உருண்டது. இரண்டு சுற்றுச் சுற்றிக் கவிழ்ந்து நின்றது. அந்தத் திருப்பத்தில் கொடியோடு நின்றவன் நான். அவனுக்கு ஒரு கீறல் இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று என் மனைவி போனில் அழுதுகொண்டே சொன்னாள். அன்றே கவின் அந்த ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்து, "இதை வெட்டிவிடுங்கள் டாட்" என்றான். என்னிடம் காசு கேட்காமல், பகுதிநேர வேலைச் சம்பளத்தில் புதியது வாங்கிக்கொண்டான்.

ஒரு தடவை அடி வாங்கிய ஹெல்மெட் அத்துடன் சரி. இது எந்தக் கம்பெனியின் சூழ்ச்சியும் இல்லை. உள்ளே இருக்கும் தெர்மாகோல் அடியைத் தான் வாங்கிக்கொண்டு நொறுங்கும், அடுத்த அடிக்கு அதில் ஒன்றும் மிச்சமிருக்காது. மற்றவர்களுக்கு இதைப் பாடம் எடுக்கிறவனே நான். ஆனால் வெளியே பார்த்தால் பளபளவென்று இருந்தது. அப்போது வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகாத ஹெல்மெட், என் ஒரு வாரச் சம்பளம். உள்துணியைப் பிரித்துப் பார்க்காமலே கரேஜ் அலமாரியில் வைத்தேன். பெட்டி கட்டும்போது ஏழாவதாக அதையும் எடுத்துத் துடைத்தேன். எண்ணிக்கை சரியாக இருக்கட்டும் என்று அதற்கும் ஒரு சீட்டு கட்டி, KAVIN என்று எழுதி, கீழே அந்தச் சொல்லையும் எழுதினேன். தலைக்கு வந்ததை வாங்கிக்கொண்டு போன தலைப்பாகையைத் துடைத்துத் தம்பிக்குக் கொடுத்தவன் நான்.

அது சின்ன அளவு. அங்கே யார் தலைக்கும் சேரவில்லை. குமரேசனின் மகள் திவ்யாவுக்கு மட்டும் அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது.

5

குமரேசனுக்குத் திருவண்ணாமலை டவுனில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. வீடு வேங்கிக்காலில். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒருவர் நிலத்தில் கடலை பிடுங்கி முடித்ததும், அடுத்த உழவுக்கு முன்னால் இரண்டு வாரம் வாடகைக்கு எடுத்து பைக் ரேஸ் நடத்துகிறான். பௌர்ணமி ஞாயிறன்று வந்தால் தள்ளிப்போட்டுவிடுவான். அன்றைக்குப் போலீஸ் மொத்தமும் கிரிவலத்தில் இருக்கும், பாதுகாப்புக்கு ஒருத்தர் கிடைக்க மாட்டார்.

அங்கேயும் விதித் தகராறு உண்டு. கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை மனு கொடுத்தான். ஓட்டுகிற எல்லாரும் ஐஎஸ்ஐ முத்திரை போட்ட ஹெல்மெட் அணிய வேண்டும் என்று நிபந்தனை போட்டு அனுமதி வந்தது. நான் அனுப்பியதில் உலகத்து முத்திரையெல்லாம் இருந்தன, அது ஒன்றுதான் இல்லை. ரோட்டோரத்தில் பத்து ரூபாய்க்கு ஐஎஸ்ஐ ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிவிட்டான். செல்லாது என்று இங்கே தள்ளியது அங்கே போய்ச் செல்லுபடியாயிற்று. நானும் சிரித்தேன்.

திவ்யாவுக்கு இருபத்துமூன்று வயது. கலெக்டர் ஆபீஸ் எதிரே ஆன்லைனில் மனு போட்டுத் தரும் கடையில் வேலை செய்கிறாள். அந்த ரேஸ் மனுவையும் அவள்தான் அடித்தாள். மாவட்டத்திலேயே மண்ணில் பைக் ஓட்டும் பொண்ணு நான் ஒருத்திதான் பெரிப்பா என்று எனக்கு வீடியோ அனுப்புவாள். என் மகனைவிட அவள்தான் என்னோடு அதிகம் பேசுகிறாள்.

போன மாதம் குமரேசன் திடீரென்று, "ண்ணா, அந்த காலின் இன்னா சாப்புடுவாரு?" என்று கேட்டான். ஏதோ ஆசையாகக் கேட்கிறான் என்று நினைத்து, உள்ளே கறி வைத்த பப்ஸ் மாதிரி ஒன்று, கூட பீர் என்றேன். மற்றவர்களுக்கும் அதேதானா என்றான். அதேதான் என்றேன். நமக்கு அவ்வளவுதான் மூளை.

6

சனிக்கிழமை கொட்டகைக்கு வெளியே நின்று போன் போட்டேன்.

"டேய், இன்னாடா இது?"

"ஏன்ணா, மாலை சின்னதா தெரீதா?"

"யாருக்குடா படையல்?"

"இன்னாண்ணா இப்டி கேக்கற? ஹெல்மெட்டுக்காரங்களுக்குதான். நீதான சீட்டு கட்டி அனுப்பன, காலின் எக்ஸ்பயர்டு, பாப் எக்ஸ்பயர்டுனு. செத்தவங்க சாமான கேக்காம கொள்ளாம தலைல மாட்டிக்க முடியுமா? அதான் மாசாமாசம் அமாவாசைக்கு உத்தரவு கேட்டுக்கினு போடறோம்."

"அடப்பாவி, தேதி முடிஞ்ச சாமான்டா அது! ரூல் மாத்திட்டாங்கனு சொன்னேனே!"

"சொன்ன. ஆனா நல்ல ஹெல்மெட்ட உயிரோட இருக்கறவன் எவன் சும்மா தருவான்? நீ எங்க மனசு கஷ்டப்படக் கூடாதுனு மறைக்கிறனு நெனச்சோம்."

"ஒருத்தரும் சாகல. காலின் தோ உள்ள நின்னு பிஸ்கட் துன்னுக்கினு இருக்காரு."

அவன் குரலைத் தாழ்த்தி, "அப்ப பேசறது யாருண்ணா?" என்றான்.

எனக்குப் புரியவில்லை. அவன் சொன்னான். ரேஸ் நடக்கும் நிலத்தின் கிணற்று மேட்டுத் திருப்பத்தில், காலின் ஹெல்மெட்டைப் போட்டவன் யாராக இருந்தாலும், காதோரம் வயசான ஒரு ஆள் "ஈஸி… ஈஸி…" என்று சொல்வது கேட்குமாம். சொன்னால் பிரேக்கை லேசாகப் பிடித்தாக வேண்டும். பிடித்தவன் யாரும் அந்தத் திருப்பத்தில் இதுவரை விழுந்ததில்லை. மூணு பேருக்குக் கேட்டிருக்கு, பொய் சொல்ற பசங்க இல்லண்ணா என்றான்.

நான் காலினின் காரில் இரண்டு தடவை பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன். திருப்பம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு "ஈஸி… ஈஸி…" என்று காரிடம் சொல்வார். அதை நான் ஊரில் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். காலின் கைக்குட்டையால் நெற்றியை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"குமரேசா, கவின் ஹெல்மெட்டும் அந்த வரிசைல இருக்குடா" என்றேன்.

"எங்க? அத்த நான் தனியா எட்து வெச்சிருந்தேனே. நம்ம பையன்துனு எனக்குத் தெரியாதா? அதுக்கு மட்டும் சீட்டு மாறிப் போச்சுனு நெனச்சேன்." படத்தைத் திறந்து பார்த்திருக்கிறான். "ஐயையோ. நான் பூ வாங்கப் போனப்ப பசங்க சீட்டப் பாத்துட்டு அதயும் தூக்கி வெச்சிட்டானுங்கண்ணா. நானும் கவனிக்காம கற்பூரம் காட்டிட்டேன். தப்பா நெனைக்காதண்ணா, உடனே எடுத்துடறேன்."

என் பிள்ளையின் பெயரை என் கையாலேயே எழுதி, அந்தச் சொல்லையும் என் கையாலேயே எழுதி அனுப்பியிருக்கிறேன். பசங்களைச் சொல்லி என்ன பிரயோஜனம்?

"எல்லாத்துக்கும் வார வெட்டிடு. கவின்து மொதல்ல. திவ்யா நாளைக்கு அத்தப் போடக் கூடாது."

"சாமிக்குப் படைச்ச சாமான வெட்டறதா? பசங்க என்னிய வெட்டிடுவானுங்க. ஏன் போடக் கூடாதுன்ற?"

"பழசுடா."

"பழசுனா இன்னா? பிளாஸ்டிக்குக்கு ஏது சாவுனு நீதான வாய்ஸ் நோட்டு போட்ட? கடைக்கு வர்றவன் போறவனுக்கெல்லாம் போட்டுக் காட்டிக்கினு இருக்கேன்."

உருண்ட கதையைச் சொல்லியிருக்க வேண்டும். அடிபட்ட சாமானைத் தெரிந்தே உன் மகளுக்கு அனுப்பினேன் என்று தம்பியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சொன்னா கேளுடா" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். கோபம் வந்தால் உண்மை சொல்ல வேண்டியதில்லை பாருங்கள், அந்த வசதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

7

ஞாயிறு மதியம் ஒன்றரை மணி. காலை ஓட்டங்கள் முடிந்து சாப்பாட்டு இடைவேளை. நான் கொட்டகையில் தனியாக இருந்தேன். திவ்யா வீடியோவில் வந்தாள். அவளுக்குப் பின்னால் கடலைக்காடு, செம்மண், மைக் செட், பைக்குகளின் உறுமல். அங்கே காலை ஏழு மணி, எட்டு மணிக்கு அவள் ஓட்டம். கவினின் ஹெல்மெட்டை இடுப்பில் அணைத்துப் பிடித்திருந்தாள். மாலையை எடுத்துவிட்டிருந்தார்கள், சந்தனப் பொட்டு அப்படியே இருந்தது.

"பெரிப்பா, இத்தப் போடக் கூடாதுனு அப்பாகிட்ட சண்ட போட்டீங்களாமே. ஏன்?"

"பழசும்மா, அதான்."

"அது மட்டும்தானா?"

"அது மட்டும்தான்."

அவள் ஹெல்மெட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கூட்டத்தைவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்து வந்தாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. அப்பாகிட்ட கூட சொல்லல. இத்தப் போட்டு ஸ்பீடு எடுத்தா எனக்கும் குரல் கேக்குது. காலின் தாத்தா மாதிரி இல்ல, சின்னப் பையன் குரலு. பயந்து போன குரலு. அப்பா… அப்பானு ரெண்டே தபா. அப்பறம் சத்தம் இல்ல. தெனம் பிராக்டீஸ்ல கேக்குது பெரிப்பா. கவின்துனு சீட்டுல இருக்குது, ஆனா கவினுக்குதான் தமிழே வராதே. அப்ப இது யாரு?"

இனி நான் சொல்லப்போவதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. கார் கவிழ்ந்ததும் முதலில் ஓடிப் போனவன் நான். கவின் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. "அப்பா… அப்பா…" என்றான், இரண்டு தடவை, ஆறு வயசுக் குரலில். பிறகு நினைவு வந்து, ஐ ஆம் ஃபைன் டாட் என்றான். அப்பா என்று கூப்பிட்டது அவனுக்கு ஞாபகமே இல்லை. அங்கே வேறு ஒருவரும் இல்லை. அந்தக் குரலைக் கேட்டது நானும் அந்த ஹெல்மெட்டும் மட்டும்தான்.

"திவ்யா, அந்த ஹெல்மெட் அடிபட்டதும்மா" என்றேன். "கவின் கார் உருண்டப்ப அவன் தலைல இருந்தது அதுதான். உள்ள ஒடஞ்சிருக்கும். தெரிஞ்சுதான் அனுப்பினேன். காசு போச்சேனு மனசு வரல. போடாதம்மா, உன் காலப் புடிச்சிக் கேக்கறேன்."

அவள் அழுவாள், இல்லை கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

"யாரோ அடிபட்டிருக்காங்கனு குரல் கேட்டப்பவே தெரிஞ்சுது" என்றாள். "நீங்க வாயத் தொறந்து சொல்றீங்களானு பாக்கத்தான் போன் போட்டேன். பழசுனு மட்டும் சொல்லிட்டு போன வெச்சிருந்தீங்கனா, வேற ஒண்ணும் இல்லனு பெரிப்பாவே சொல்லிட்டாருனு இத்த மாட்டிக்கினு போயிருப்பேன்."

பிறகு அவள் திரும்பி நடந்தாள். யாரிடமோ ஆக்ஸா பிளேடு கேட்டாள். "அடியேய், சாமி சாமான்டி அது!" என்று குமரேசன் ஓடி வந்தான். "சாமியும் இல்ல பூதமும் இல்லப்பா, உயிரோட இருக்கறவங்களுக்கு மாலை போட்டுக்கினு இருக்கோம்" என்று அவனைத் தள்ளிவிட்டாள். பைக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. போனை ஒருவன் பிடித்துக்கொள்ள, அவள் ஹெல்மெட்டை பெஞ்சில் கவிழ்த்து, பின்பக்கத்திலிருந்து அறுக்க ஆரம்பித்தாள். ஐந்தாறு நிமிஷம் பிடித்தது.

இரண்டாகப் பிளந்து காட்டினாள். வெளி ஓட்டில் ஒரு கீறல் இல்லை. உள்துணியை உரித்தாள். வெள்ளைத் தெர்மாகோலில், இடது காது இருக்கும் இடத்திலிருந்து பின்மண்டை வரைக்கும் ஒரு பிளவு. அவள் நகத்தை அதில் விட்டாள். நகம் முழுசாக உள்ளே போயிற்று. காதுப்பக்கம் தெர்மாகோல் மாவாக உதிர்ந்து பெஞ்சில் கொட்டியது. குமரேசன் மகளின் தலையில் கையை வைத்து, பின்மண்டை வரைக்கும் தடவிப் பார்த்தான். பிறகு கத்தியை எடுத்து, மற்ற ஆறு ஹெல்மெட்டுகளின் வாரையும் அவனே அறுத்துப் போட்டான். என் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

எனக்குப் பின்னால் மூச்சுக் காற்று பட்டது. கவின். ஸ்பேனர் கேட்க வந்தவன் எவ்வளவு நேரமாக நின்றிருந்தானோ தெரியாது. உரித்த உள்துணியில் அவன் கையெழுத்தில் மார்க்கர் பேனாவால் எழுதிய பெயர் திரையில் தெளிவாகத் தெரிந்தது.

"அது என்னுடையது" என்றான் ஆங்கிலத்தில். "வெட்டியாயிற்று என்று சொன்னீர்களே."

போனை மேஜையில் சாய்த்து வைத்தேன்.

"திவ்யா அதைப் போட்டா ஓட்டினாள்?"

ஆமென்று தலையை ஆட்டினேன். அவன் என் தோளுக்கு மேல் குனிந்து அந்தப் பிளவைப் பார்த்தான். அவன் கை தானாகப் போய்த் தன் இடது காதுக்குப் பின்னால் தொட்டது.

"உடைந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா, டாட்?"

உள்ளே பிரித்துப் பார்க்கவில்லையே என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அது பொய்யும் இல்லை. அந்தப் பக்கம் திவ்யா பிளந்த ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றேன். தமிழில்தான் வந்தது. திருப்பிச் சொல்லச் சொல்லி அவன் கேட்கவில்லை.